ஆயில் குறையவே இல்லையா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும்

கேள்வி: பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று வாங்கினேன். ஆயில் மாற்றி 1,500 கி.மீ. ஓடுவதற்குள் டிப்ஸ்டிக்கில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்ஜினே போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா?
- வாசகர், லண்டன்

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பிஸ்டன் இன்ஜினில் இவ்வளவு ஆயில் குறைந்தால் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகிக்கலாம். உங்கள் காரில் இருப்பது ரோட்டரி, அதாவது பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் இன்ஜின். இரண்டு முக்கோண ரோட்டர்கள். ஒவ்வொன்றின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற அடைப்புப் பட்டை. அவை ரோட்டரைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கின் சுவரை உரசியபடியே ஓடுகின்றன. அந்த இடத்துக்குத் தானாக ஆயில் வராது. அதனால் மீட்டரிங் ஆயில் பம்ப் என்ற தனி பம்ப், சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நாசில் வழியே உள்ளே விடுகிறது. சீலை நனைத்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆர்பிஎம் ஏற ஏற இந்த அளவும் கூடும்.

1,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 300 முதல் 600 மி.லி. குறைந்தால் பயப்பட வேண்டாம். 3,000 கி.மீ. ஓடியும் கோடு அசையவில்லை என்றால்தான் உடனே கவனிக்க வேண்டும். நாசில் கரி பிடித்து அடைத்திருக்கலாம், பம்ப் படுத்திருக்கலாம், அல்லது பெட்ரோல் கலந்து அளவு குறையாததுபோல் காட்டலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

சரியாக அளக்க, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்க உள்ளே செருகி எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். குழாயில் உரசிய பக்கம் ஆயில் பூசி அதிகமாகக் காட்டும். எது குறைவோ அதுதான் சரி. முழு அளவைக் காட்டும் 'எஃப்' கோட்டுக்குச் சற்றுக் கீழே நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் ஆயில் கேனை எடைபோட்டுவிட்டு, 250 மி.லி. அளவில் ஊற்றி ஊற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். மறுபடி எடைபோட்டால் கணக்கு கிடைத்துவிடும்: ஒரு லிட்டர் ஆயில் சுமார் 850 கிராம். அதன்பின் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது எரியும்போது ஆயில் ஏற்கெனவே ரொம்பக் குறைந்திருக்கும்.

இன்ஜினின் உண்மை நிலை தெரிய, உள்ளே உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்தான் வழி. அதுவும் ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் எடுக்க வேண்டும். சாதாரண மீட்டர் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டி மற்ற இரண்டை மறைத்துவிடும். 250 ஆர்பிஎம்மில் 680 கேபிஏ-வுக்கு (கிலோபாஸ்கல், அழுத்த அளவு) குறையக் கூடாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக் கூடாது. சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறினால் இந்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சளாகப் படிகிறது. தண்ணீர் கலக்கிறதா?

பதில்: ஆர்எக்ஸ்-8-இன் ஆயில் ஊற்றும் கழுத்து நீளமானது, இன்ஜின் சூடு அதற்கு அவ்வளவாக எட்டாது. குளிர்காலத்தில் கடைக்குப் போய் வரும் சின்ன ஓட்டங்களில் ஈரம் அங்கேயே படியும். துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நல்ல ஓட்டம் கொடுங்கள். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தாலோ கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ மட்டும் வொர்க்‌ஷாப் போக வேண்டும்.

கேள்வி: கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி வைத்தால் என்ன? அடிக்கடி பார்க்க வேண்டாமே?

பதில்: வேண்டாம். மிஞ்சிய ஆயில், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போய்ப் புகையாக வரும். இன்னொன்று: புது ஆயிலைத்தான் ஊற்றிக்கொண்டே இருக்கிறோமே என்று ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய கரியும் கலந்த பெட்ரோலும் சம்ப்பிலேயே நிற்கும், ஃபில்டரும் பழையதுதான்.