ரெகுலேட்டர் மாற்றிய பின் கரும்புகை: 3 பாரை எப்போது வைத்தீர்கள்?

புதிய ரெகுலேட்டர் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாட்டியதிலிருந்து கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருவதாகவும், வேக்கம் ஹோஸ் (இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் சிறு குழாய்) மாட்டியபடியே ஐடிலில் 3 பார் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கரும்புகைக்கும் பெட்ரோல் வாடைக்கும் காரணம் பெரும்பாலும் அதுதான். ஐடிலில் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்கம் பெட்ரோல் அழுத்தத்தைச் சுமார் 0.6 பார் இறக்கிவிடும். ஆக, உங்கள் உண்மையான அடிப்படை அழுத்தம், அதாவது ஹோஸ் மாட்டாதபோது உள்ள அழுத்தம், 3.6 பார். இன்ஜெக்டர் பாய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலப்படி கூடும் என்பதால், எல்லா நிலையிலும் ஏறக்குறைய 10% அதிகப் பெட்ரோல்.

இன்ஜின் ஓடும்போதே ஹோஸைக் கழற்றி, அதன் முனையை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று புகுந்து ஐடில் தடுமாறும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக வெளியே திருப்பி 3 பாருக்குக் கொண்டுவாருங்கள். நட்டை இறுக்கியதும் மறுபடி கேஜைப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பித் தொலைக்கும். ஹோஸை மாட்டினால் 2.4 அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? ஹோஸ் த்ராட்டிலுக்கு முன்னால் இணைந்திருக்கும், அல்லது எங்கோ ஓட்டை.

ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் 3-க்கு வராவிட்டால் ரிட்டர்ன் லைனை (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) பாருங்கள்: நசுங்கியிருக்கும், அல்லது பெரிய பம்புக்கு அதன் விட்டம் போதாது.

பழைய ரெகுலேட்டரை ரெயிலிலேயே (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) விட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இரண்டில் எது அதிகமோ அந்த அழுத்தம்தான் இன்ஜெக்டருக்குப் போகும். புதியதில் பொருத்திய கேஜ் அதைக் காட்டாமல் போகலாம். கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை உருவி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மிச்ச அழுத்தம் இருக்கும், துணி சுற்றியே திறங்கள்.

வேக்கம் ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.