சின்ன வயதில் உயிராய்ப் பார்த்த தொடரை இப்போது பார்த்தால் சப்பென்று இருக்கிறதே, 90ஸ் கிட்ஸ் எல்லோருக்கும் இப்படித்தானா?

கேட்டவர் சக்திமானை யூடியூப்பில் தேடிப் பிடித்து, இரண்டாவது அங்கம் முடிய முதலே கொட்டாவி வந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர் என்று நினைக்கிறேன், வயது முப்பத்தைந்து சொச்சம் இருக்கலாம். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த "90ஸ் கிட்ஸ்" என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலும் 90களில் பிள்ளைகள் இருந்தோம். ரீவியும் இருந்தது. கரண்ட்தான் இல்லை. 1990 ஜூனில் சண்டை தொடங்கிய கையோடு போனது, எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வரக் கிட்டத்தட்ட பத்து வருடம். (அரசியல் கதைக்க வந்துவிட்டான் என்று யாரும் வெளிக்கிட வேண்டாம். நான் சொல்லப்போவது மகாபாரதக் கதை.)

எங்கள் ரீவி சித்தப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் மரக்கதவு இழுத்துப் பூட்டலாம், திறப்பு அம்மாவின் தாலிக்கொடியோடு தொங்கும். அன்ரனா கிணற்றடியில் மூன்று பைப் பொருத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, மேற்கே கொடைக்கானலைப் பார்த்து நின்றது. கொடைக்கானல் எங்கே, எங்கள் கோண்டாவில் எங்கே என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடைத்தூரம் ஏறத்தாழ 280 கிலோமீற்றர்தான். தூரதர்ஷன் கோபுரம் நிற்பது 2000 மீற்றருக்கு மேல் உயரமான மலையில். மலை இறங்கினால் சமதரை, பிறகு கடல், கடல் தாண்டினால் தோசைக்கல்லுப் போலத் தட்டையாக நாங்கள். மறிக்கிற அளவுக்கு உயரமாக இடையில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்த்தது அப்படித்தான்.

ஆனாலும் சும்மா வராது. அண்ணா பைப்பைத் திருப்புவான், நான் ஜன்னலடியில் நிற்பேன், அம்மா ரீவிக்கு முன்னால்.

"வந்திட்டுதோ?"

"முகம் வருகுது, ஆனா இழுக்குது."

"இப்ப?"

"ஐயோ போச்சு, பழையபடி விடு!"

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அண்ணா பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் துப்பரவாக வரும், கையை விட்டால் புள்ளி புள்ளியாகப் போய்விடும். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அன்று அவன் முழு நேரமும் கிணற்றடி வெயிலில் பைப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். இன்றைக்கும் அந்த அங்கத்தைப் பற்றி யாரும் கதைத்தால் எழும்பிப் போய்விடுவான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மகாபாரதம். பி. ஆர். சோப்ராவினுடையது, 1988 ஒக்ரோபர் 2 இல் தொடங்கியது. எட்டரைக்கே எங்கள் படலையடியில் செருப்புக் குவிந்துவிடும். விறாந்தை நிறைந்து, ஜன்னல் கம்பியிலும் பெடியள் தொங்குவார்கள். தொடர் ஹிந்தியில். சந்தியில் நின்ற இந்திய ஆமிக்கு அந்தப் பாஷை விளங்கும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. அம்மம்மாதான் மொழிபெயர்ப்பு.

அம்மம்மாவுக்கும் ஹிந்தி ஒரு சொல் தெரியாது. கோயில்களில் புராணபடிப்பும் பாரதக்கதையும் கேட்டு வளர்ந்த மனுசி. சகுனி வாயைத் திறக்க முதலே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்லுவா. சொன்னது திரையில் நடக்கும். எங்களுக்கு அது மந்திரம் மாதிரி. பிடிக்காத இடங்களை மனுசி சொல்லவே மாட்டா. கர்ணன் செத்த அன்று கிருஷ்ணனோடு கோபித்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. மிச்ச அங்கம் முழுக்க நாங்கள் ஊமைப்படம் பார்த்தோம்.

பீஷ்மர் அதற்கு முதலே விழுந்து, அம்புப் படுக்கையில் கிடந்தார். முகேஷ் கன்னா, வெள்ளைத் தாடியோடு. "உத்தராயணம் பிறந்தால்தான் கிழவன் உயிரை விடும்" என்றா அம்மம்மா. சரி, விடட்டும் என்று நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தோம். அந்த இடத்தில்தான் கரண்ட் போனது.

தொடரின் 94ஆவது, கடைசி அங்கம் 1990 ஜூன் 24 அன்று ஒளிபரப்பானது என்பது எனக்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தெரிந்தது. இன்னும் இரண்டு கிழமை சண்டை பொறுத்திருந்தால் கிழவன் தன்பாட்டில் போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு வயது பதினொன்று. முதல் ஞாயிறு ஒன்பது மணிக்கு ரீவிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் குந்தியிருந்தேன். கரண்ட் வந்தாலும் வரும் என்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு திறப்பைத் தரவில்லை.

பிறகு ரீவிக்கு மேலே துணி விரித்து, எங்கள் ஜாம் போத்தல் விளக்கு அங்கே ஏறியது. இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய ஒரு திரி. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதற்கு மேல் ஊற்ற ஏலாது. எதிரே சுவரில் சின்னக் கண்ணாடி இருந்தது. விளக்கு அதில் பட்டு, திரும்பி ரீவியின் கறுத்த திரையில் விழும். அந்த வெளிச்சத்தில் கணக்குச் செய்கிற என் முகம் அதற்குள் தெரியும், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில். 90களில் நான் ரீவியில் பார்த்த நிகழ்ச்சி அதுதான். ஐந்து வருடம் ஓடியது.

அம்மம்மாவிடம் பீஷ்மர் என்ன ஆனார் என்று கேட்டால் கதையைச் சொல்லிவிடுவாவே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். "கரண்ட் வந்தாத்தான் கிழவன் சாகும், பேசாமல் படி" என்றா. கரண்ட் வர முதலே அம்மம்மா போய்விட்டா.

இடையில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓடிய இரவுகள் உண்டு. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரம், படத்தை விட அதன் சத்தம் பெரிது. அதைப் பற்றி எழுதாத யாழ்ப்பாணத்தான் இல்லை, விட்டுவிடுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, ஊரை விட்டு எல்லோரோடும் சேர்ந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ரீவி இல்லை. போகட்டும், எத்தனையோ போனது. ஆனால் அன்ரனா பைப் அப்படியே நின்றது. நின்றதென்றால், அதன் கம்பி ஒன்றைக் கட்டியிருந்த பூவரசு இப்போது பக்கத்து வளவுக்குள் நின்றது! மரம் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு முதல் திரும்பி வந்தவர்கள் கதியாலைப் புதிதாக நட்டு, வேலியை ஒன்றரை முழம் அரக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, உங்கள் கம்பிதான் எங்கள் வளவுக்குள் வந்து கட்டியிருக்கிறது, அவிழுங்கோ என்றார்கள். இடம்பெயர்ந்து ஒரே மரத்தடியில் ஒரே பானையில் கஞ்சி குடித்த சனம். இப்போது அதில் மதிலும் எழும்பிவிட்டது, அவர்கள் லண்டனில். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் முகநூலில் "மண்வாசனை" என்று படம் போடுகிறார்கள். அது எங்கள் மண். அளந்து காட்டுவேன்.

சரி, சக்திமானுக்கு வருகிறேன். தூரதர்ஷனில் அது தொடங்கியது 1997 இல். நான் பார்த்தது கரண்ட் வந்த பிறகு, சிநேகிதன் வீட்டில், அவனுடைய தங்கச்சிமார் பார்த்துக்கொண்டிருந்தபோது. சிவப்பு உடுப்போடு ஒருவர் பம்பரம் போலச் சுழன்றுகொண்டு வந்து நின்றார். பார்த்த முகம். தாடியை ஒட்டிப் பார்த்தேன். எங்கள் பீஷ்மர்! அம்புப் படுக்கையில் விட்டுவிட்டு வந்த மனுசன் எழும்பிப் பறந்து திரிகிறார். அதிலும் அவருக்கு மற்ற வேஷத்தில் பெயர் கங்காதர். கங்கையின் மகனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நான் சிரித்த சிரிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அதனால் சக்திமான் சப்பென்று இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். நீங்கள் பார்த்து முடித்ததைத் திரும்பப் பார்க்கிறீர்கள், அதுதான் கொட்டாவி. எனக்கு ஒரு கடைசி அங்கம் பாக்கி இருந்தது.

அதைப் பார்த்தது 2020 இல். மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்டார்கள், யாழ்ப்பாணத்தில் அது கிழமைக்கணக்கில் நீண்டது. அந்த மாதக் கடைசியில் தூரதர்ஷனும் இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் திரும்பப் போடத் தொடங்கியிருந்தது. நாங்கள் யூடியூப்பில் முதலாவதில் இருந்து, நாளுக்கு இரண்டு அங்கம். அம்மா கதிரையில், நானும் மகனும் நிலத்தில். ஆகாயத்தில் அம்பும் அம்பும் முட்டி வெளிச்சம் வந்தபோது மகன் விழுந்து விழுந்து சிரித்தான். உண்மையில் சிரிக்கத்தக்கதுதான். மலைக்குப் பின்னால் இருந்த திரை திரை என்றே தெரிந்தது. அந்த வயதில் எனக்கு அது தெரியாமல் போனதற்கு எங்கள் அன்ரனாவும் ஒரு காரணம், இவ்வளவு துப்பரவாக நாங்கள் எதையும் பார்த்ததில்லை.

ஆனால் நான் படத்தைப் பார்த்தது குறைவு. அம்மா சொல்லிக்கொண்டே வந்தா. ஒவ்வொருவரும் வாயைத் திறக்க முதல், அவர் சொல்லப்போவதை. "இப்ப பார், கிழவன் தருமனைக் கிட்டக் கூப்பிடும்." கூப்பிட்டார்.

"அப்பம்மா, நீங்கள் முதலே பார்த்தனீங்களோ?" என்று கேட்டான் மகன்.

"இல்லையடா. அம்மா சொன்னவ."

எப்போது சொன்னா என்று நான் கேட்கவில்லை. என்னிடம் பேசாமல் படி என்ற மனுசி, விளக்கு நூர்த்த பிறகு இருட்டுக்குள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறா.

பீஷ்மர் கண்ணை மூடினார். சக்கரம் சுற்றி, பாட்டும் முடிந்தது. மகன் அடுத்தது எது என்று ரிமோட்டைத் தேடினான்.

"இனி இல்லை" என்றா அம்மா. "நிப்பாட்டிப்போட்டு வா சாப்பிட. கரண்ட் காசு ஏறுது."