வாசகர் கேள்விகள்: “இனிமேல் படித்து என்ன செய்யப் போகிறாய்?”

கேள்வி: எனக்கு வயது 36. கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன பட்டப்படிப்பைத் தொலைதூரக் கல்வியில் முடிக்க ஆசை. வேலைக்கும் போகிறேன், இரண்டு பிள்ளைகள். “இனிமேல் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்கிறார் கணவர். மாமியார் சிரிக்கிறார். புத்தகத்தை எடுத்தாலே அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறது. நேரமும் கிடைப்பதில்லை. விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: விட வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். மாமியாரின் சிரிப்பு ஒன்று, நேரம் கிடைக்காதது இன்னொன்று. சிரிப்பு வலிக்கும், அதை மறுக்கவில்லை, ஆனாலும் அது உங்களிடமிருந்து அரை மணி நேரத்தைக்கூட எடுத்துக்கொண்டு போவதில்லை. நேரம்தான் நிஜமான தடை. நம்மில் பலர் சிரித்தவர்களுக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், நிஜமான தடையைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கவே தெம்பில்லாமல் ஆகிவிடுகிறோம்.

அதனால் கணவரிடம் “படிக்கட்டுமா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். “செவ்வாயும் வியாழனும் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம். இரண்டாவதற்கு முடியும், முடியாது, அவ்வளவுதான். முடியாது என்றே சொல்லட்டுமே, வேறு ஆளையோ வேறு நேரத்தையோ தேட வேண்டும் என்பதாவது இன்றைக்கே தெரிந்துவிடும்.

கிழமையும் மணியும் ஏன் இவ்வளவு குறிப்பாக என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. ‘இன்ன நேரம் வந்தால், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்வது எவ்வளவு உதவுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ‘செய்ய வேண்டும்’ என்று வெறுமனே நினைத்தவர்களைவிட இப்படி முடிவுசெய்தவர்கள் கணிசமாக முன்னே இருந்தார்கள். களைத்துப்போன ராத்திரியில் ‘இன்றைக்குப் படிக்கலாமா வேண்டாமா’ என்று மனசோடு வாதாடினால் நாம்தான் தோற்போம். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

வயதைப் பற்றியும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். யீதாங் ஜாங் என்று ஒரு கணித அறிஞர், 1955-இல் பிறந்தவர். 1991-இல் முனைவர் பட்டம் வாங்கியும் கல்லூரி வேலை கிடைக்கவில்லை, சில வருடம் ஒரு உணவகத்தில் கணக்கு எழுதினார். 1999-இல்தான் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். 2013-இல், இடைவெளி ஏழு கோடிக்கும் குறைவாக உள்ள பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நிரூபித்தார். கணித உலகம் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. (இந்த மாதிரி கதைகளில் ஜெயித்தவர்கள் மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிவார்கள், அதனால் ‘அவரால் முடிந்தால் என்னாலும் முடியும்’ என்ற கணக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.) நான் கவனிப்பது வேறு ஒன்றை. நல்ல வேலை கிடைத்த பிறகு கணக்கைத் தொடலாம் என்று அவர் ஒத்திப்போடவில்லை. உங்களுக்கு வேண்டியது நிரூபணம்கூட இல்லை, ஒரு பட்டம். முதல் வருடம் எல்லாத் தாளையும் எழுத முடியாவிட்டால் இரண்டை எழுதுங்கள். மூன்று வருடப் படிப்பு ஐந்து வருடம் ஆகட்டும், சேருவதற்கு முன் அத்தனை வருடம் அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே போட்டித் தேர்வை மூன்று முறை எழுதித் தோற்றுவிட்டேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான்காவது முறை எழுதுவது விடாமுயற்சியா, பிடிவாதமா?

பதில்: மதிப்பெண்ணை எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி, பதில் அதில்தான் இருக்கிறது. மூன்று முறையும் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்து கடைசி முறை மயிரிழையில் போனது என்றால் அது ஒரு கதை. மூன்று முறையும் அதே பாடத்தில் அதே இடத்தில் விழுந்தீர்கள் என்றால் அது வேறு கதை, அப்போது படிக்கும் முறையை மாற்றாமல் நான்காவது முறை உட்கார்ந்தால் நான்காவது முறையும் அதேதான் நடக்கும்.

எதுவானாலும், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். இன்னும் எத்தனை முறை, எந்த வயது வரை, கையில் எவ்வளவு பணம் தீரும் வரை என்று. முடிவு வந்த அன்று ராத்திரி எடுக்கிற தீர்மானம் ஒன்று அழுகையில் வரும், இல்லாவிட்டால் வீறாப்பில் வரும், இரண்டையும் நம்ப முடியாது. எட்டவே முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மன அளவில் நன்றாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், விடுவதோடு வேறொன்றைப் பிடிப்பதும் சேர்ந்துதான். அதனால் படிக்கிறபோதே பக்கத்தில் ஒரு சின்ன வேலையோ பயிற்சியோ ஓடிக்கொண்டிருக்கட்டும். அதைச் சொன்னால் ‘கவனம் சிதறும்’ என்பார்கள். தேர்வைத் தவிர வாழ்க்கையில் வேறு எதுவுமே இல்லாதவருக்குத் தேர்வு அறையில் வருகிற பயம் அதைவிட மோசமாகச் சிதறடிக்கும்.

கேள்வி: காலையில் எழுந்து எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன். பதினொரு நாள் ஒழுங்காகப் போனது. காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போனது, அதோடு போச்சு. எனக்கு ஒழுக்கமே கிடையாதா?

பதில்: காய்ச்சலுக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் தானாக வர எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பாக இல்லை. பதினொரு நாளில் பழக்கம் வரவில்லையே என்று வருத்தப்படுவதே சீக்கிரம். நாளைக்கு எழுதுங்கள், முதல் நாளிலிருந்து எண்ண வேண்டாம், எண்ணவே வேண்டாம்.

கேள்வி: என்னை ஊக்கப்படுத்த ஒருவர் இருந்தால் போதும், எதையும் சாதிப்பேன். அப்படி யாருமே இல்லை.

பதில்: இல்லைதான். அதனால் அந்த ஆள் வரும் வரைக்கும் பத்து நிமிடம் செய்துகொண்டிருங்கள். ஊக்கம் வந்து வேலை ஆரம்பிப்பதைவிட, வேலை கொஞ்சம் நகர்ந்த பிறகு ஊக்கம் வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முன்பு பெரிய பெரிய கனவுகள் இருந்தன. இப்போது இரண்டு மாதமாக எதிலும் ஆசை இல்லை, தூக்கம் இல்லை, பிடித்த பாட்டைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. எப்படி மீண்டும் இலக்கை நோக்கி ஓடுவது?

பதில்: இப்போதைக்கு ஓட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நாளின் பெரும்பகுதி மனம் இப்படியே கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் போனாலே மனச்சோர்வு நோயா என்று பரிசோதிக்க வேண்டும், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இது சோம்பலும் இல்லை, மன உறுதிக் குறைவும் இல்லை, சிகிச்சை இருக்கிறது. உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், இந்த இதழை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். கனவுகளைப் பற்றி உடம்பு தேறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: என் திட்டத்தை எல்லோரிடமும் சொன்னால், சொல்லிவிட்டோமே என்ற வெட்கத்திலாவது செய்வேன் அல்லவா?

பதில்: எல்லோரிடமும் வேண்டாம். முன்பே சொன்ன கோல்விட்சர் 2009-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ‘நான் இப்படி ஆகப்போகிறேன்’ என்பதை அடுத்தவர் தெரிந்துகொண்டுவிட்டால் சிலர் அதற்காக உழைப்பது குறைந்துபோனது தெரிந்தது. பாராட்டு முன்பணமாக வந்துவிடுகிறது போல. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். ‘சபாஷ்’ சொல்கிறவராக இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையானால் “எத்தனை பக்கம் ஆச்சு?” என்று கேட்கிறவராகப் பார்த்து.