டிரஸ்ட் மெஷினில் கம்பெனி ஆர்டர் தைக்கலாமா?

கேள்வி: மும்பை தாராவியில் பெண்களுக்குத் தையல் பயிற்சி தரும் பொது டிரஸ்ட் நடத்துகிறேன். ஒரு நிறுவனம் போன வருஷம் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் மெஷின்கள் தந்தது. இப்போது துணிப்பை ஆர்டர்கள் வருகின்றன. என் மைத்துனர் பணம் போடுகிறேன், லாபத்தில் பங்கு வேண்டும் என்கிறார். இருவரும் பிரைவேட் லிமிடெட் தொடங்கி, டிரஸ்ட் பணத்தையும் மெஷின்களையும் அதில் சேர்க்கலாமா?

பதில்: கம்பெனி தாராளமாகத் தொடங்குங்கள். டிரஸ்டின் பணமும் மெஷினும் மட்டும் அதற்குள் போகக் கூடாது.

மைத்துனர் லாபம் கேட்பதால் செக்‌ஷன் 8 கம்பெனி (லாப நோக்கமற்ற கம்பெனி) உதவாது; அதில் டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, கிடையாது. பிரைவேட் லிமிடெட்தான் வழி. அதன் பங்குகளை டிரஸ்ட் வாங்க முடியாது. அறப்பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்று வருமான வரிச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. இது அதில் இல்லை. மீறினால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போய்விடும்.

2021-இல் திருத்திய விதிப்படி, சிஎஸ்ஆர் நிதியில் வந்த சொத்து டிரஸ்ட் போன்ற அறநிலை அமைப்பிடமோ, பயனாளிகளின் சுயஉதவிக் குழுவிடமோ, அரசு அமைப்பிடமோதான் இருக்கலாம். ஆர்டருக்கான மெஷின்களை மைத்துனரின் பணத்தில் கம்பெனியே வாங்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பயிற்சிக்கு வரும் பெண், பயிற்சி என்ற பெயரில் கம்பெனி ஆர்டரைத் தைத்தால், அவள் கூலியை நன்கொடையாளர் தலையில் கட்டுகிறீர்கள், அவளையும் ஏமாற்றுகிறீர்கள். ஆர்டர் தைக்கிறவர் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டில் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி, பிஎஃப், இஎஸ்ஐ பொருந்துமானால் அதுவும் கம்பெனி பொறுப்பு. இதில் சமரசமே வேண்டாம்.

அறங்காவலரான உங்களுக்கும் மைத்துனருக்கும் சேர்த்து 20% ஓட்டுரிமை இருந்தாலே வரித்துறை அதை உங்களோடு தொடர்புடைய கம்பெனியாகத்தான் பார்க்கும். அதனால், கம்பெனிக்கு டிரஸ்டின் ஹாலைக் கொடுத்தால் சந்தை வாடகை வாங்குங்கள், எழுத்தில் போடுங்கள், அந்தத் தீர்மானத்தில் நீங்கள் ஓட்டுப் போடாதீர்கள். ஹால் டிரஸ்டின் சொந்தக் கட்டடமாக இருந்து, மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதானால், மகாராஷ்டிரா பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி சாரிட்டி கமிஷனரின் (டிரஸ்டுகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி) முன் அனுமதி கட்டாயம்.

கம்பெனி தன் லாபத்திலிருந்து டிரஸ்டுக்கு நன்கொடை தரலாம். கம்பெனிகளுக்கான 22% சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்காது. தேர்ந்தெடுக்கும் முன்பே சிஏவிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.