டெல்லியில் 300 ரூபாய்க்குள் புதுச் சாப்பாடு

கரோல் பாகில் தங்கியிருக்கிறேன், தோசையும் சோலே பட்டூராவும் அலுத்துவிட்டன, தலைக்கு 300 ரூபாய்க்குள் புதிதாக ஏதாவது வேண்டும், மாட்டுக்கறி வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மஜ்னு கா டில்லா போங்க. திபெத்திய அகதிகள் குடியிருப்பு. மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி விதான் சபாவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ, ஈ-ரிக்‌ஷா உண்டு. மோமோவை விட்டுத்தள்ளுங்க, அது கரோல் பாக் தெருமுனையிலேயே கிடைக்கும். சந்துகளில் லாஃபிங் விற்பார்கள்: பாசிப்பயற்று மாவுச்சத்தில் செய்து, பூண்டும் மிளகாயும் போட்டு, சில்லென்று தருவது. முதல் வாயில் வழுக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும். வயிறு நிறைய துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், இல்லையென்றால் டிங்மோ. இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, மடிப்பு மடிப்பாக ஆவியில் வெந்த ரொட்டி. திபெத்தியக் கடைகளில் மாட்டுக்கறி சகஜம், கேட்டுவிட்டே ஆர்டர் பண்ணுங்க.

கருவாடு பிடிக்குமா? அப்படியானால் வடகிழக்கு மாநிலத்தவர் கடைகள் நிறைந்த ஹுமாயூன்பூர். கிரீன் பார்க் மெட்ரோவிலிருந்து ஆட்டோ. மணிப்பூரி எரோம்பாவில் புளிக்கவைத்த மீனைக் காய்கறியோடு மசிப்பார்கள். ரசத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். நாகா கடைகளில் பன்றிக்கறிதான் பிரதானம்.

லாஜ்பத் நகர் ஆப்கன் கடைகளுக்குத் தனியாகப் போகாதீங்க. கறியும் கேரட்டும் திராட்சையும் போட்ட காபுலி புலாவ் சோறு ஒரு தட்டு இரண்டு பேருக்கு வரும். பங்கு போட்டால்தான் உங்கள் கணக்குக்குள் அடங்கும். பக்கத்து அடுப்பில் சுடச்சுட நீள நான் வாங்கி, பேருந்திலேயே பிய்த்துத் தின்றுகொண்டு வந்திருக்கிறேன்.