ராக்கிலிருந்து ஜாஸுக்கு

கேள்வி: என் மகன் ராக் டிரம்ஸ் வாசிக்கிறான். ஜாஸ் டிரம்மராக வேண்டுமாம். வீவக அடுக்குமாடி வீட்டில் எப்படிப் பழகுவது? புது செட் வாங்கவா?
- ஈசூன் வாசகி

பதில்: செட் இப்போதைக்கு வேண்டாம். ஜாஸில் தாளத்தைச் சுமப்பது ரைடு சிம்பல், அதாவது குச்சியால் தட்டும் பெரிய உலோகத் தகடு. 1940-களில் கென்னி கிளார்க் போன்ற டிரம்மர்கள் கொண்டுவந்த மாற்றம். ‘டிங், டிங்-க-டிங்’ என்பது கையில் படியட்டும். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, அந்தத் தட்டுகளை 2, 4-ஆம் அடிகளாக எண்ணினால் வேகம் 120. இடது காலால் மிதித்து மூடும் ஜோடித் தகடான ஹை-ஹாட்டும் அந்த அடிகளில்தான்.

ராக் பிள்ளைகள் சறுக்குவது வலது காலில். பேஸ் டிரம்மை நான்கு அடிகளிலும் மெல்லத் தொட வேண்டும். ஓங்கி மிதித்தால் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் கேட்கவே கேட்காது. பெடல் சுத்தியல் தோலிலிருந்து 3 செ.மீ.க்கு மேல் விலகாமல் பழகட்டும்.

மின்னணு டிரம்ஸானாலும் மிதியின் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்குப் போகும். கைப் பயிற்சிக்கு ரப்பர் பேட் போதும். ஆனால் ஜாஸில் குச்சிக்குப் பதில் தேய்த்து வாசிக்கும் பிரஷ் அதில் வழுக்காது. பழைய அட்டைப்பெட்டியே மேல்!

பிறகு வாங்கினால் 18 அங்குல பேஸ், 14 அங்குல ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் முக்கிய டிரம்). வருமானமா? ஜாஸ் மேடை மட்டும் போதாது. கற்பித்தல், திருமணம், ஹோட்டல் என எல்லாம் சேர்ந்தால்தான். இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பவரையே திரும்ப அழைப்பார்கள்.