கியோட்டோவின் கோடைத் திருவிழாக்களைப் பார்க்க எந்த நாட்களில் செல்வது நல்லது?

கியோன் திருவிழாவின் ஜூலை 17 ஊர்வலத்தைப் பார்க்க மூன்று நாள் பயணமாக வருவதாகவும், அது போதுமா, அந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியவை வேறு ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் போதும். ஆனால் ஊர்வலத்தன்று வந்திறங்கிவிட்டு அதன் பிறகு இரண்டு நாள் தங்குவதைவிட, இரண்டு நாள் முன்னதாகவே வந்து, ஊர்வலம் முடிந்த கையோடு கிளம்புவது மேல். தேதிகளை மாற்றிக்கொள்ள முடியுமானால், 17ஐ விட்டுவிட்டு 22 முதல் 24 வரை வாருங்கள் என்றுதான் சொல்வேன். வேலை நிமித்தமாக இந்நகரின் நடுப்பகுதியில், தேர்கள் நிற்கும் தெருக்களுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் குடியிருப்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கியோட்டோவின் கோடை கொடுமையானது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த தாழ்நிலத்தில் காற்று அசையாமல் நிற்கும். ஜூன் மாத மழை ஓய்ந்ததும் புழுக்கமும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பழங்காலத்தில் ஆறு பெருக்கெடுத்த பிறகு வரும் இந்த வாரங்கள்தான் கொள்ளைநோயின் காலம். 869ஆம் ஆண்டு அப்படி ஒரு நோய் நாடெங்கும் பரவியபோது, அன்றைய ஜப்பானின் 66 மாகாணங்களையும் குறிக்கும் வகையில் 66 நெடிய ஈட்டிகளை அரண்மனைத் தோட்டமான ஷின்சென்-என்னில் நட்டு, மாண்டவர்களின் கோபம் தணிய வழிபட்டார்கள். கியோன் திருவிழாவின் தொடக்கம் அதுவே. இன்று தேர்களின் உச்சியில் 25 மீட்டர் உயரம் வரை எழும் கம்பங்கள் அந்த ஈட்டிகளின் வழித்தோன்றல்கள். ஜூலை முதல் நாள் தொடங்கி மாதம் முழுவதும் நடைபெறும் இவ்விழாவில், வெளியூர்க்காரர்கள் காண்பது பெரும்பாலும் ஒரு காலைப்பொழுதை மட்டுமே.

தேர் என்று நான் எழுதினாலும், நம்மவர்கள் நினைத்துக்கொள்வதுபோல் இவற்றில் சாமி எழுந்தருளுவதில்லை. இந்த விழாவுக்கு உரிய யசாகா ஆலயத்தின் தெய்வங்கள் மிகோஷி எனப்படும் மூன்று பல்லக்குகளில் 17ஆம் தேதி மாலைதான் புறப்படுகின்றன. காலையில் செல்லும் தேர்களின் வேலை வேறு: நகரில் திரிந்துகொண்டிருக்கும் பிணிகளையெல்லாம் தம் அலங்காரத்தாலும் இசையாலும் ஈர்த்துக்கொண்டு, தெய்வம் வரும் பாதையைத் துப்புரவாக்குவது. அதனால்தான் ஊர்வலம் முடிந்து தத்தம் தெருவுக்குத் திரும்பிய உடனேயே அவற்றைப் பிரித்துவிடுகிறார்கள். சேர்த்துக்கொண்டு வந்த கேட்டை வைத்துக்கொண்டிருக்கலாகாது. அன்று நண்பகலுக்குப் பிறகு ஷின்மாச்சித் தெருப் பக்கம் போனால், காலையில் கூட்டம் வியந்து பார்த்த அதே தேரின் கட்டுக்களை ஆட்கள் அறுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். மாலையில் மிகோஷிகளைத் தோளில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போகும் கூட்டத்தின் ஆரவாரம் காலை ஊர்வலத்தின் நிதானத்துக்கு நேரெதிரானது; அதற்குச் சுற்றுலாப் பயணிகள் குறைவாகவே நிற்பது எனக்கு இன்றும் வியப்பு.

தேர்கள் கோயிலுக்குச் சொந்தமானவை அல்ல, தெருக்களுக்குச் சொந்தமானவை. 1533ஆம் ஆண்டு ஆட்சியாளர்கள் ஆலயச் சடங்குகளுக்குத் தடை விதித்தபோது, சடங்கு நடக்காவிட்டாலும் போகட்டும், தேர்களை மட்டுமாவது விட அனுமதியுங்கள் என்று நகரத்து வணிகர்கள் வேண்டியதாகப் பதிவு இருக்கிறது. அந்த மனப்பான்மை இன்றும் மாறவில்லை. 34 தேர்களுக்கும் 34 தெருச் சங்கங்கள் உண்டு. கட்டுவது, காப்பது, செலவுக்குப் பணம் திரட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நகர் நடுவே வீடுகள் குறைந்து அலுவலகங்களும் அடுக்ககங்களும் பெருகிவிட்டதால், சில தெருக்களில் பழைய குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன; புதிதாகக் குடிவந்தவர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் ஒப்பேற்றுகிறார்கள்.

ஜூலை 10ஆம் தேதி முதல் தேர் கட்டும் வேலை நடுத்தெருவிலேயே தொடங்கிவிடும். இதற்கு அனுமதிச்சீட்டு கிடையாது, தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆணி அடிப்பதில்லை. கனத்த மரச் சட்டங்களைப் பொருத்தி, பொருத்துகள் மீது வைக்கோல் கயிற்றைச் சுற்றுச் சுற்றாக இறுக்கிக் கட்டுகிறார்கள். கயிற்றைச் சுற்றுகிறவர் ஒருவர். சுற்றிய கயிற்றை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நெருக்குகிறவர் இன்னொருவர். இடைவெளி துளியும் இல்லாமல் அடுக்கிய அந்தக் கட்டின் நடுவில் குறுக்காகச் சில சுற்றுப் போட்டு இழுத்தால், கட்டு இடுப்பொடுங்கிப் பட்டாம்பூச்சி வடிவம் பெறுகிறது. அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றும். ஆனால் 12 டன் வரை எடையுள்ள தேர் அசைந்து திரும்பும்போது ஆணியடித்த மரம் பிளந்துவிடும், கயிறு நெகிழ்ந்துகொடுக்கும். பிறகு இந்தக் கட்டுக்களின்மீது திரைச்சீலைகள் தொங்கிவிடுவதால், ஊர்வலத்தன்று மட்டும் வருகிறவர் கண்ணில் இவை படுவதே இல்லை. 12ஆம் தேதி பிற்பகலில் பெரிய தேர்கள் சிலவற்றை வெள்ளோட்டம் விடும்போது பொதுமக்களும் வடம் பிடிக்கலாம். வெளிநாட்டவர் என்று யாரும் தடுப்பதில்லை.

14 முதல் 16 வரையிலான மாலைகளுக்கு யோய்யாமா என்று பெயர். தேர்களில் காகித விளக்குகள் அடுக்கடுக்காக ஏற்றப்பட்டு, மேல்தளத்தில் கலைஞர்கள் அமர்ந்து வெண்கலத் தாளத்தையும் குழலையும் முரசையும் இசைப்பார்கள். 15, 16 இரவுகளில் ஷிஜோ, கராசுமா சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் சாலை முழுவதும் யுகாதா என்னும் மெல்லிய கோடை அங்கி அணிந்த கூட்டம்தான்; நெரிசல் தாங்காதவர்கள் 14ஆம் தேதியே போய்விட வேண்டும். சில பழைய வணிகக் குடும்பங்கள் வீட்டு முன்னறையின் கதவுகளைக் கழற்றிவிட்டு, பரம்பரையாக வைத்திருக்கும் ஓவிய மடிப்புத் திரைகளைத் தெருவில் போகிறவர்களும் பார்க்கும்படி விரித்துவைக்கும். தேர்ச் சங்கக் கூடங்களில் சிமாகி விற்பார்கள். அரிசியில் செய்யும் அதே பெயர்ப் பலகாரம் என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள். இது மூங்கில் இலையால் கட்டிய வெறும் வைக்கோல் கற்றை, நோய் அண்டாதிருக்க வாசல் நிலைக்கு மேல் ஓராண்டு தொங்கவிடுவது.

திரைச்சீலைகளைப் பகலில், கூடங்களில் காட்சிக்கு வைத்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கான்கோ தேரின் முன்புறத்தில் தொங்குவது 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிளாண்டர்ஸ் பகுதியில் நெய்யப்பட்ட, விவிலியத்தின் ரெபேக்காள் கதையைச் சித்திரிக்கும் சீலை. கிறித்தவம் கடுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில், 1718ஆம் ஆண்டிலிருந்து அது ஷிண்டோ விழாத் தேரில் ஊர்வலம் போயிருக்கிறது! கோய் தேரில் டிராய் போர்க் காட்சிகள். ட்சுகி தேரின் முகப்பில் இருப்பது 17ஆம் நூற்றாண்டு இந்தியக் கம்பளம். அதே தேரின் கூரை உட்புறத்தில் மருயாமா ஒக்கியோ 1784இல் தீட்டிய மலர்கள் பொன் பின்னணியில் மின்னும். தனக்கு அருகிலுள்ள தேரைவிடத் தன் தேர் சிறப்பாயிருக்க வேண்டும் என்ற தெருப் போட்டிதான் இத்தனை அரிய பொருள்களையும் கடல் கடந்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

17ஆம் தேதிக் காலை 9 மணிக்கு நகினாதா தேர் முதலில் புறப்படும். மற்ற தேர்களில் பெரும்பாலானவை எந்த வரிசையில் செல்வது என்பது ஜூலை 2ஆம் தேதி நகராட்சி மன்றத்தில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். நகினாதாவுக்கு மட்டும் முதலிடம் நிரந்தரம். அதில் அமர்ந்துவரும் சிறுவன், சாலைக்குக் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்து வழி திறக்கிறான். அதைக் காண விரும்பினால் விடியற்காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும், பிடித்தாலும் முன்னால் நிற்பவரின் கைபேசித் திரையில்தான் பெரும்பாலும் தெரியும். ஷிஜோவும் கவராமாச்சியும் சந்திக்கும் முனையில் தேர் திரும்புவதைப் பார்ப்பதே பயனுள்ளது. தேர்ச் சக்கரத்துக்கு அச்சுத் திரும்பாது. எனவே பிளந்த பச்சை மூங்கில்களைச் சக்கரத்தடியில் பரப்பி, நீரை வாரி ஊற்றி, விசிறி ஏந்தியவர்கள் மேலிருந்து குரல் கொடுக்க, வடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். சக்கரம் மூங்கில்மீது கிறீச்சிட்டு வழுக்க, முழுத் தேரும் ஒரு குலுக்கலோடு நகரும். சாதாரணமாக மூன்று இழுப்பில் முழுத் திருப்பம் முடிந்துவிடும். ஓய்கே சாலையில் கட்டண இருக்கைகள் உண்டு. நிழல் கிடையாது, முதியவர்கள் உடன் வந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, 24ஆம் தேதியை ஏன் பரிந்துரைக்கிறேன் என்பது. விழாவின் பின்பகுதி ஊர்வலம் அன்றுதான். 17இல் 23 தேர்கள், 24இல் 11 தேர்கள். 1966 முதல் போக்குவரத்து வசதிக்காக இரண்டையும் ஒன்றாக்கி 17ஆம் தேதியே நடத்திவந்தவர்கள், 2014இல் மீண்டும் பிரித்தார்கள். 1864 உள்நாட்டுக் கலகத் தீயில் எரிந்துபோன ஓஃபுனே என்னும் கப்பல் வடிவத் தேரும் அதே ஆண்டு திரும்பி வந்தது. 1826இல் புயல் மழையில் சேதமுற்று நின்றுபோன தாகா தேர் 2022இல்தான் மறுபடி ஊர்வலத்தில் சேர்ந்தது. 21 முதல் 23 வரையிலான மாலைகளில் வறுத்த நூடுல்ஸ், பனிக்கூழ்க் கடைகள் வரிசைகட்டுவதில்லை. இசை காதில் விழும், திரைகளின் முன் நின்று பார்க்க இடம் கிடைக்கும், மெழுகுவர்த்தி வாங்கச் சொல்லிப் பிள்ளைகள் ராகத்தோடு பாடும் பழைய பாட்டைக் கேட்கலாம். 23ஆம் தேதி பின்னிரவில் மினாமி கண்ணோன் தேரிலுள்ள, கருணையின் வடிவான கண்ணோன் என்னும் பௌத்தத் தெய்வத்தின் சிலையை வெண்துணியால் சுற்றிச் சிறு பல்லக்கில் வைத்துக் கட்டி, ஆண்கள் கூச்சலிட்டுக்கொண்டு மூர்க்கமாகக் குலுக்கியபடி தெருவைச் சுற்றுவார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பகலெல்லாம் அவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளும் மனிதர்கள் இவர்கள்தாமா என்றிருக்கும்.

உணவைப் பற்றி ஒரு சொல். இந்த மாதத்து மீன் ஹாமோ என்னும் விலாங்கு வகை. கடலிலிருந்து விலகியுள்ள இந்நகருக்குப் பழைய நாளில் உயிரோடு வந்து சேரும் அளவுக்கு வலுவுள்ள மீன் அது. உடல் முழுக்க முள் என்பதால், தோல் அறுபடாமல் மூன்று சென்டிமீட்டருக்குள் இருபத்து நான்கு வெட்டு விழுமாறு சமையற்காரர் நறுக்குவார். சைவமென்றால், ஜூன் 30 அன்று உண்ணும் மினாசுகி என்ற முக்கோண இனிப்பு ஜூலையிலும் சில கடைகளில் கிடைக்கும். பனிக்கட்டி போன்ற வெண்மாவின்மேல் சிவப்புப் பயறு பதித்தது. யசாகாவின் அடியார்களில் சிலர் ஜூலை முழுவதும் வெள்ளரிக்காய் தொடுவதில்லை, அறுத்த வெள்ளரியின் முகம் ஆலயச் சின்னத்தைப் போல் இருப்பதால்.

ஆகஸ்டில் வருவீர்களானால் விழாவின் குணமே வேறு. அது முன்னோர் வீடு திரும்பும் ஒபோன் காலம். 7 முதல் 10 வரை ரொக்குடோ சின்னோ-ஜி கோயிலில், கண்ணுக்குத் தெரியாமல் கூடத்துக்குள் இருக்கும் மணியை வெளியே நீட்டிய கயிற்றை இழுத்து ஒலித்து அவர்களை அழைக்கிறார்கள். 16ஆம் தேதி இரவு 8 மணி முதல் நகரைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் அடுத்தடுத்து நெருப்பு மூட்டி வழியனுப்புகிறார்கள். கிழக்கு மலையில் ‘பெரிய’ எனப் பொருள்படும் எழுத்து முதலில் எரியும். அதன் நீண்ட கோடு 160 மீட்டர், மொத்தம் 75 நெருப்புக் குவியல்கள். மாண்டவர் பெயர்களை எழுதிக் கொடுத்த விறகும் அதில் எரிகிறது. 2020இல் கூட்டம் கூடக்கூடாதென்று அந்த எழுத்தை ஆறே புள்ளிகளில் ஏற்றினார்கள். 1943இல், போர்க்கால இருட்டடிப்பில் தீ மூட்ட முடியாதபோது, வெள்ளைச் சட்டை அணிந்தவர்கள் அதிகாலையில் மலையேறி அந்த எழுத்தின் வடிவில் நின்றார்கள். பட்டாசு விழா பார்ப்பதுபோல் கைதட்டுவது இங்கே பொருந்தாது. தீ ஏறத்தாழ அரை மணி நேரம் நிற்கும். இரு ஆறுகள் கூடும் கமோ ஆற்றங்கரையில் 7 மணிக்குள் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கக் கட்டட மாடிகளில் இடம் விற்கிறார்கள், ஆனால் ஒன்றை அருகில் காண்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

விடுதி விஷயம்: ஜூலை 16, 17 ஆகிய இரவுகளுக்கும் ஆகஸ்ட் 16க்கும் கியோட்டோவில் அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறும். ஒசாகாவில் தங்கி, அரை மணி நேர ரயிலில் வந்துபோவது சிக்கனம். விழா இரவுகளில் திரும்பும்போது கராசுமா நிலையத்தில் நெரியாமல், ஒரு நிலையம் தள்ளி ஓமியா வரை நடந்துபோய் ஏறுங்கள். குடையை ஊர்வலக் கூட்டத்தில் விரிக்கக்கூடாது, ஆகவே தொப்பியும் தண்ணீரும் ஒரு துவாலையும் கட்டாயம். 22 முதல் 24 வரை என்று முடிவு செய்தால், அந்த வாரத்தில் பெரும்பாலும் ஷிமோகாமோ ஆலயத்தின் மிதாராஷி விழாவும் நடந்துகொண்டிருக்கும். மெழுகுவர்த்தி ஏந்தி முழங்கால் அளவு ஊற்றுநீரில் நடந்துபோய் ஏற்றிவைக்க வேண்டும். வெயில் இறங்கிய பிறகு போங்கள், நீரின் குளிர் உச்சந்தலை வரை ஏறும்.